வண்டியில் ஏறிய வானொலி



காயல்பட்டினத்தில் புறப்பட்டு, தூத்துக்குடி, வேம்பார், சாயல்குடி, கீழக்கரை, இராமநாதபுரம் வழியாகத் தனுஷ்கோடி சென்று சேரும் கடலோரச் சாலையைத் தாங்கள் பேருந்திலோ காரிலோ கடந்திருக்கக் கூடும். சற்றேறக்குறைய 230 கிலோமீட்டர். உப்பளம், பனங்காடு, சீமைக் கருவேலம், மீண்டும் உப்பளம், மீண்டும் பனங்காடு என்று மாறி மாறி வரும் அந்தப் பாதையில் பார்ப்பதற்கு அதிகம் இல்லை என்று சொல்வோர் உண்டு. அவர்களோடு வாதம் செய்ய நான் வரவில்லை. ஆனால் அந்தச் சாலையில் கேட்பதற்கு நிறைய இருக்கிறது. அதைக் கேட்க வேண்டுமானால் பேருந்து உதவாது. கண்ணாடி ஏற்றிய காரும் உதவாது. ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டும். அதன் கைப்பிடியில் ஒரு வானொலிப் பெட்டி வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் வானொலியா என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. தெருவே அதிரும்படி ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு பள்ளிவாசல் வாசலையும் மருத்துவமனை வாசலையும் பொருட்படுத்தாமல் பறக்கும் இளைஞர்களை எனக்கும் பிடிக்காது. நான் சொல்வது அதுவன்று. ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்ந்திருப்பவருக்கும் மட்டும் கேட்கும் அளவில் மெல்லப் பேசிக்கொண்டு வரும் ஒரு சிறு பெட்டியைப் பற்றியே சொல்கிறேன்.

அமெரிக்காவில் கார்களுக்கென்று செய்யப்பட்ட வானொலி ‘மோட்டோரோலா’ என்னும் பெயரில் 1930ஆம் ஆண்டிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. காற்றிலும் மழையிலும் நனையும் இருசக்கர வண்டிக்கு அந்த வசதி வர வெகு காலம் ஆயிற்று. 1980இல் ஹோண்டா நிறுவனம் ‘கோல்டு விங்’ என்னும் தன் பெரிய வண்டியில் வானொலியைக் கூடுதல் உறுப்பாகப் பொருத்தித் தந்தது. நம் நாட்டிலோ அப்போது வீட்டில் வானொலி வைத்திருக்கவே உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்திச் சிறு புத்தகத்தில் முத்திரை குத்தி வாங்கும் அந்த ஏற்பாடு 1985இல்தான் முற்றிலும் ஒழிந்தது. அதற்குப் பிறகு நம் ஊர்ப்புறங்களில் பால்காரரின் சைக்கிளிலும், ஐஸ் பெட்டி கட்டிய மீன்காரரின் மொபெட்டிலும் டிரான்சிஸ்டர் தொங்குவது சாதாரணக் காட்சியாயிற்று. கோல்டு விங்கை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. மீன்காரரின் மொபெட்டைத் தினமும் கண்டோம்.

எங்கள் குடும்பத்தில் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவர் என் சாச்சா. அவர் கைலி மொத்த வியாபாரி. கீழக்கரை, இராமநாதபுரம், மண்டபம் கடைக்காரர்களுக்குச் சரக்கு அனுப்பிவிட்டு மாதம் ஒருமுறை தம் ராஜ்தூத் வண்டியில் நேரில் சென்று பாக்கி வசூலித்து வருவார். நான் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த 2003ஆம் ஆண்டில் கணக்கு எழுதுவதற்காக என்னையும் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டார். ராஜ்தூத்தின் கைப்பிடியில் அப்போதே வானொலி இருந்தது.

அவருக்கு அது பொழுதுபோக்கு அன்று. சாச்சாவின் மூத்த சகோதரி, அதாவது எனக்கு மாமி, மன்னார்த் தீவிலுள்ள எருக்கலம்பிட்டியில் வாழ்க்கைப்பட்டவர். இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலத்துச் சம்பந்தம் அது. காலையில் ஏறினால் மாலைக்குள் அக்கரை. போர்ச் சூழலால் 1980களின் நடுவில் கப்பல் நின்றது. 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் வீட்டையும் நிலத்தையும் விட்டுக் கையில் கிடைத்ததோடு புறப்பட நேர்ந்த அந்த நாட்களில் மாமியின் குடும்பமும் படகேறித் தெற்கே சென்று புத்தளம் மாவட்டத்தில் ஓர் ஓலைக் கொட்டகையில் ஒதுங்கியது. அவர்கள் உயிரோடிருக்கிறார்கள் என்ற கடிதம் எங்களுக்கு வந்து சேரச் சில மாதங்கள் ஆயின. அந்தச் சில மாதங்களில் எங்கள் வீட்டில் இலங்கை வானொலிச் செய்தி நேரத்தில் எவரும் பேசக் கூடாது. அந்தப் பழக்கம் சாச்சாவை விட்டுப் போகவே இல்லை. வண்டியில் போகும்போது செய்தி நேரம் தவறிவிடுகிறதே என்பதற்காகத்தான் வானொலி வண்டியில் ஏறியது.

இனி அதைப் பொருத்திய விதத்தைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் வானொலி பழுது பார்க்கும் காக்கா ஒருவர் இருந்தார். கடையில் ஒரு மேசை, ஒரு சால்டரிங் இரும்பு, மேற்கூரை வரை அடுக்கிய செத்துப்போன பெட்டிகள், அவ்வளவுதான். சாச்சா முதலில் பெட்டியைப் பெட்ரோல் டேங்கின்மீது கட்டச் சொன்னார். காக்கா ஒப்புக்கொள்ளவில்லை. டேங்க் முழுவதும் இரும்புத் தகடு. மத்திய அலையை வாங்கும் ஏரியல் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி அன்று; பெட்டிக்குள்ளே மேற்பகுதியில் படுத்திருக்கும் கறுப்பான ஃபெரைட் கம்பியும் அதன்மேல் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பியுமே ஆகும். அதை இரும்பின் அருகே வைத்தால் பாதி ஒலியை இரும்பு விழுங்கிவிடும். ஆகவே டேங்கிலிருந்து ஒரு சாணாவது விலகி, கைப்பிடியின் நடுவில் இருக்க வேண்டும் என்றார். அப்படி வைக்கும்போதும் வேகமானியை மறைக்கக் கூடாது. கைப்பிடியை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்த்து, பிரேக் கம்பியும் கிளட்ச் கம்பியும் எங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்த பிறகே திருகாணியை முறுக்க வேண்டும். இந்த விதி இன்றைக்கும் பொருந்தும்.

அடுத்தது அதிர்வு. இரட்டை வீச்சு எஞ்சினின் நடுக்கத்தில் ஒரு மாதத்திற்குள் பெட்டியின் உள்ளே சால்டரிங் விட்டுப்போகும். அதற்காகப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி நான்கு மடிப்பாக மடித்துப் பலகையின் அடியில் கொடுத்தார். முள்ளைத் திருப்பி நிலையம் பிடிக்கும் கேங் தானே நழுவாமலிருக்க, குமிழியின் அடியிலும் ஒரு ரப்பர் வளையம்.

மின்சாரம் எளிதாக அமைந்தது. ராஜ்தூத்தின் பேட்டரி 6 வோல்ட். பெட்டியோ நான்கு கட்டைகள் போடும் 6 வோல்ட் பெட்டி. நேரே இணைத்துவிடலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். காக்கா இணைத்தும் காட்டினார். எஞ்சினைக் கிளப்பியதும் செய்தி வாசிப்பவரின் குரலை மூடிக்கொண்டு ‘டர்ர்ர்’ என்றொரு சத்தம். வேகத்தைக் கூட்டினால் அந்தச் சத்தமும் உச்சத்துக்கு ஏறிற்று. ஸ்பார்க் பிளக்கில் பொறி தெறிக்கும் ஒவ்வொரு முறையும் அதுவே ஒரு சிறு ஒலிபரப்பியாக மாறிவிடுகிறது. மத்திய அலை என்பது அலையின் உயரத்தைக் கூட்டிக் குறைத்துக் குரலை ஏற்றி அனுப்பும் முறை. மின்பொறியும் அந்த உயரத்தையே கலைக்கிறது. ஆகவே இரண்டையும் பெட்டியால் பிரித்தறிய முடிவதில்லை. பண்பலையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. காக்கா இரண்டு காரியங்கள் செய்தார். மின்தடை உள்ளடங்கிய பிளக்கை மாட்டினார். அதன் தடை வழக்கமாக 5,000 ஓம் அளவில் இருக்கும். அதன் எண்வரிசையில் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் அந்த வகை என்று அறியலாம். பிறகு வண்டியின் மின்சாரத்தை அடியோடு துண்டித்துவிட்டுப் பெட்டிக்குள் நான்கு கட்டைகளையே போட்டார். “பேட்டரிக்கு ஆகுற காசு கம்மிதான் தம்பி. காதுக்கு நிம்மதி” என்றார். எத்தனையோ பேர் வயரும் ஃபியூஸும் வாங்கிப் பணத்தைக் கரைப்பதைப் பார்த்த பிறகு, அவர் சொன்னதே சரி என்று எனக்குப் படுகிறது.

கடைசியாக அவர் செய்ததுதான் முக்கியமானது. பெட்டியைப் பலகையில் இறுகக் கட்டிவிடாமல், பலகையின் நடுவில் ஒரு போல்ட்டைக் கொடுத்து, வண்டி நிற்கும்போது இடது கையால் பெட்டியைச் சுற்றித் திருப்பும்படி அமைத்துத் தந்தார். இது எதற்கு என்று கேட்டோம். “ரேடியோவ எப்படி வெக்கணுங்கிறத வண்டியப் பார்த்து முடிவு பண்ணக் கூடாது, போற ரோட்டப் பார்த்து முடிவு பண்ணணும்” என்றார்.

விளக்கம் இதுதான். ஃபெரைட் கம்பி எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி அலைகளை வாங்குவதில்லை. கம்பியின் பக்கவாட்டைப் பார்த்து வரும் அலையை நன்றாக வாங்கும். கம்பியின் இரு முனைகள் காட்டும் திசையிலிருந்து வருவதை ஏறக்குறைய வாங்கவே வாங்காது. ஓட்டுபவரைப் பார்த்தபடி பெட்டியை வைத்தால் கம்பி வண்டிக்குக் குறுக்கே கிடக்கும். அப்போது நேர் முன்னாலும் நேர் பின்னாலும் உள்ள நிலையங்கள் தெளிவாகக் கேட்கும். வலப்பக்கமும் இடப்பக்கமும் உள்ளவை மங்கிவிடும். தங்கள் வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் ஒன்று இருந்தால் மத்திய அலையில் ஒரு நிலையத்தை வைத்துவிட்டு மெல்லச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் குரல் அடங்கும். அந்த நேரத்தில் பெட்டியின் நீளவாட்டு முனைகளில் ஒன்று அந்த நிலையத்தைச் சுட்டிக்கொண்டிருக்கும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு சாலைக்கு வாருங்கள்.

காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடி வரை சாலை வடக்கு நோக்கியே செல்கிறது. ஆறுமுகநேரி உப்பளங்களைத் தாண்டி, ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டி, முக்காணியில் தாமிரபரணிப் பாலம் ஏறி, பழையகாயல் வழியாகச் செல்லும் அந்த 35 கிலோமீட்டரில் தூத்துக்குடி வானொலி நிலையம் நமக்கு நேர் முன்னால் இருக்கிறது. இலங்கையில் உள்ளோரும் கேட்கும் நோக்கோடு 1053 கிலோஹெர்ட்சில் பேராற்றல் ஒலிபரப்பி அமைக்கப்பட்ட நிலையம் அது. பெட்டி குறுக்கே இருந்தாலும் ஒலி வீட்டுக் கூடத்தில் கேட்பதைப் போலிருந்தது. 1963இல் தொடங்கப்பெற்ற திருநெல்வேலி நிலையமோ இடப்பக்கம், மேற்கே. அது அவ்வளவாக எழும்பவில்லை.

தூத்துக்குடியைத் தாண்டியதும் சாலை வடகிழக்கே திரும்புகிறது. வைப்பாறு, குளத்தூர், சூரங்குடி, வேம்பார், சாயல்குடி. இந்தப் பகுதியில்தான் அந்தச் சுழல்பலகையின் அருமை புரிந்தது. இந்தியாவை நோக்கிய மத்திய அலைக் கோபுரங்கள் இலங்கையில் புத்தளத்தில் இருந்தன என்று காக்கா சொல்லியிருந்தார். நிலப்படத்தை விரித்துப் பார்த்தால் வேம்பாரிலிருந்து புத்தளம் தென்கிழக்கில் இருக்கிறது. சாலை வடகிழக்கில் செல்கிறது. அதாவது நாம் போகும் வழிக்கு அச்சாக வலப்பக்கம், கடலுக்கு அப்பால். குறுக்கே வைத்த பெட்டியின் முனை நேராகப் புத்தளத்தைச் சுட்டுகிறது. ஆகவே இலங்கைக்கு இவ்வளவு அருகில், கண்ணுக்கெதிரே கடல் கிடக்க, இலங்கை வானொலி கேட்கவில்லை! சாச்சா வேம்பார்ப் பனங்காட்டு ஓரமாக வண்டியை நிறுத்திப் பெட்டியை நீளவாட்டில் திருப்பினார். ஒலிபெருக்கியின் முகம் எங்களை விட்டுக் கடலைப் பார்த்தது. அப்படி இருந்தும், காலை ஒலிபரப்பின் குரல் பக்கத்து வீட்டிலிருந்து கேட்பதைப் போல் எழுந்து வந்தது.

கடலுக்கு அப்பாலிருந்து வரும் ஒலி நிலத்தில் வரும் ஒலியைக் காட்டிலும் தெளிவாக இருப்பதற்குக் காரணம் உப்பு நீர். மத்திய அலை தரையைத் தழுவியபடி வருவது. வறண்ட மண்ணைவிடக் கடல்நீர் மின்சாரத்தைப் பல நூறு மடங்கு எளிதாகக் கடத்துவதால் அலை வழியில் தேய்வது குறைகிறது. மதுரை நிலையத்தைவிடக் கொழும்பு எங்கள் கடற்கரை ஊர்களுக்கு நெருக்கமாக இருந்ததற்கு உறவும் வியாபாரமும் மட்டுமல்ல, இந்த உப்பு நீரும் ஒரு காரணம் என்று நான் நினைப்பதுண்டு.

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. 1949இல் அது ‘ரேடியோ சிலோன்’ ஆயிற்று; 1967இல் கூட்டுத்தாபனம் ஆயிற்று. 1952இல் நம் நாட்டு அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குத் தடைபோட்ட போது இந்தியா முழுவதுமே கொழும்பின் பக்கம் காதைத் திருப்பியது. 1957இல் விவித்பாரதி வந்த பிறகும் நம் கடற்கரை திரும்பி வரவில்லை. பி.எச். அப்துல் ஹமீது அவர்களின் தெளிந்த தமிழ் உச்சரிப்பைக் கேட்டு ‘ல’கர, ‘ள’கர, ‘ழ’கர வேறுபாட்டைத் திருத்திக்கொண்டவர்கள் எங்கள் ஊரில் உண்டு. எங்கள் வீட்டுப் பெண்மக்களுக்கோ அந்த வானொலியின் முஸ்லிம் சேவைதான் உயிர்.

முஸ்லிம் சேவை என்றதும் ஒரு கணக்கைச் சொல்லிவிட வேண்டும். மதரஸாவில் தொழுகை நேரப் பாடம் நடத்தும்போது இதை நான் இன்றும் மாணவர்களுக்குச் சொல்கிறேன். அந்த 2003ஆம் ஆண்டில் இலங்கை வானொலி “நேரம் ஏழு மணி முப்பது நிமிடம்” என்று அறிவிக்கும்போது எங்கள் கைக்கடிகாரத்தில் ஏழு மணிதான். 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை தன் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருந்தது. பிறகுதான் நம் நேரத்துக்கே திரும்பியது. கடிகாரம் ஒன்றாகிவிட்டாலும் சூரியன் ஒன்றாகிவிடுவதில்லை. காயல்பட்டினம் ஏறத்தாழ 78 பாகை தீர்க்கரேகையில் இருக்கிறது. புத்தளமும் கொழும்பும் 80 பாகையை ஒட்டி இருக்கின்றன. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில் அங்கே சூரியன் ஏறத்தாழ ஏழு நிமிடம் முன்னதாக மறைகிறது. இலங்கை வானொலியின் மஃரிப் பாங்கைக் கேட்டு நோன்பு திறக்கப் புறப்பட்ட பாட்டிமார்களை எங்கள் ஊர் ஆலிம்கள் தடுத்த கதை பலருக்கும் தெரிந்ததே.

சாயல்குடிக்குப் பிறகு சாலை கிழக்கே வளைகிறது. பெட்டியைத் திருப்பாமலே இலங்கை எழும்பத் தொடங்கும். சாலை வளைவதை ஓட்டுபவர் கண்ணால் அறிகிறார். பின்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் காதால் அறிந்தேன். ஏர்வாடியைத் தாண்டிக் கீழக்கரை. வள்ளல் சீதக்காதியின் ஊர். அந்த ஊரின் தொதலைச் சாப்பிட்டவர்கள் மறக்க மாட்டார்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டும் அதே இனிப்பு, அதே பெயரில் இலங்கையிலும் கிண்டப்படுகிறது. சாச்சா கீழக்கரையில் தொதல் வாங்கும்போதெல்லாம் “ராத்தா கை பட்டது மாதிரி வராது” என்று சொல்லிக்கொண்டே இரண்டு கிலோ வாங்குவார்.

இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் செல்லும் சாலை கிழக்கோடு சற்றே தெற்கும் சாய்கிறது. இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் செல்லும்போது அது முற்றிலும் தென்கிழக்கே திரும்பிவிடுகிறது. புத்தளம் இப்போது ஏறக்குறைய நேர் முன்னால்! குறுக்கே வைத்த பெட்டி, வண்டியோடு சேர்ந்து, அக்கரையைப் பார்த்து நின்றது. அந்தக் காலத்தில் தார்ச்சாலை முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துவிடும். அதற்கப்பால் மணல், 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவுப் புயல் விழுங்கிய தனுஷ்கோடியின் இடிபாடுகள். வசூல் முடிந்து திரும்ப வேண்டிய சாச்சா ஒவ்வொரு மாதமும் முப்பது, நாற்பது கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டி அந்தச் சாலை முடிவு வரை போவார். எஞ்சினை அணைப்பார். பொறிச் சத்தம் அடங்கியதும் குரல் கண்ணாடி போலத் துலங்கும். செய்தி முடியும் வரை வண்டிமீது அமர்ந்தபடியே கேட்பார். 2002 பிப்ரவரியில் கையெழுத்தான போர்நிறுத்தம் நடப்பிலிருந்த காலம் அது. மன்னாருக்கு மக்கள் திரும்பிச் செல்லலாமா என்ற பேச்சு செய்தியில் அடிபடும் நாளில் அவர் திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். அடிபடாத நாளில் வானொலியை மட்டும் பேசவிடுவார்.

மாமி எருக்கலம்பிட்டிக்குத் திரும்பவில்லை. 2011இல் புத்தளத்திலேயே மவுத்தானார். சாச்சா 2016இல்.

சென்ற 2024 ஜனவரியில் என் மகனைப் பின்னால் அமர்த்திக்கொண்டு அதே வழியில் சென்றேன். அவனுக்கு வயது பதினான்கு. என் வண்டி 125 சிசி; 12 வோல்ட் பேட்டரி. கைப்பிடியில் செல்பேசிக்கு மின்னேற்றும் சிறு இணைப்பும் கடைக்காரர் போட்டுத் தந்திருந்தார். அந்த இணைப்பை வானொலிக்குக் கொடுத்தால் மத்திய அலையில் தேனீக்கூட்டைக் கலைத்தது போன்ற ரீங்காரம். காக்காவின் பாடம் நினைவுக்கு வந்தது, கட்டைகளையே போட்டுக்கொண்டேன். பெட்டியைக் கண்ணாடித்தாள் பையில் கட்டி, டியூப் ரப்பர் மடித்து, அதே சுழல்பலகை. மகன் கேட்டான்: “எதுக்கு வாப்பா இவ்வளவு பாடு? போன்ல போட்டுட்டு காதுல மாட்டிக்கிட்டா போதாதா?” போதாது. காதை அடைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவதைப் போன்ற மடமை வேறில்லை. பின்னால் வரும் லாரியின் ஹாரன் கேட்க வேண்டும். ஆட்டுக் கிடையின் மணி கேட்க வேண்டும். கைப்பிடியிலுள்ள வானொலி காதை அடைப்பதில்லை. அதோடு அது வேகத்தையும் அடக்கிவிடும். மணிக்கு 45 கிலோமீட்டரைத் தாண்டினால் காற்றின் இரைச்சல் அதை மூடிவிடுகிறது. கேட்க வேண்டுமானால் மெல்லத்தான் போயாக வேண்டும். வண்டியை மெல்ல ஓட்டச் சொல்லிப் பிள்ளைகளிடம் தொண்டை வறளக் கத்தும் பெற்றோர்கள் இந்த வழியையும் முயன்று பார்க்கலாம்.

வேம்பாரில் வண்டியை நிறுத்திப் பெட்டியை நீளவாட்டில் திருப்பினேன். முள்ளைப் பழைய இடத்தில் வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் வைத்துப் பார்த்தேன். இரைச்சல்தான். பல நாடுகளில் மத்திய அலை ஒலிபரப்பிகளை ஒவ்வொன்றாக மூடி வருகிறார்கள். மின்செலவு மிகுதி, கேட்போர் குறைவு என்கிறார்கள். சாச்சாவுக்காக மாத மாதம் கடல் தாண்டி வந்த குரல் அன்று என் பெட்டியில் அகப்படவில்லை. மகனுக்கு அதைச் சொல்லி விளக்குவது கடினமாக இருந்தது. அவன் பனங்கிழங்கு விற்கும் கிழவியிடம் பேரம் பேசப் போய்விட்டான்.

பண்பலைக்கு மாற்றினோம். அது வேறு உலகம். மத்திய அலையின் நீளம் 300 மீட்டர் அளவு என்றால் பண்பலையின் நீளம் 3 மீட்டர்தான். அது தரையைத் தழுவி வருவதில்லை, கண்ணின் பார்வையைப் போல நேரே வருகிறது. உயரத்தில் இருப்பவனுக்கே தூரம் தெரியும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலிருந்து 100.5 மெகாஹெர்ட்சில் வரும் கொடைக்கானல் பண்பலைக்குக் கணக்குப்படி 190 கிலோமீட்டர் வரை பார்வை எட்ட வேண்டும். இராமநாதபுரம் 175 கிலோமீட்டர். அங்கு வரை அது கேட்டது. மண்டபம் செல்லும் வழியில் விட்டு விட்டு ஒலித்து அறுந்தது. அறுந்த இடத்திற்குச் சற்றுப் பின் இன்னொன்று முளைத்தது. பாம்பனில் 2016இல் மீனவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ‘கடல் ஓசை’ 90.4. சமூக வானொலிகளுக்கு அனுமதிக்கப்படும் ஆற்றல் மிகச் சிறியது. ஒரு தீவுக்கும் அதன் ஓரங்களுக்கும்தான் போதும். அதில் காற்றின் வேகமும் கடலின் நிலையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின்மீது, இருபுறமும் கடல் பச்சையும் நீலமுமாகக் கிடக்க, அதே கடலைப் பற்றிய செய்தியைக் கேட்டுக்கொண்டு போவது ஒரு தனி அனுபவம். பக்கத்தில் 1914ஆம் ஆண்டின் பழைய ரயில் பாலமும், அதன் அருகே, 2025 ஏப்ரலில் திறக்கப்படவிருந்த புதிய பாலத்தின் வேலையும். பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். எல்லோரும் நிறுத்துகிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

இப்போது சாலை முகுந்தராயர் சத்திரத்தோடு முடிவதில்லை. 2017இல் அரிச்சல்முனை வரை போட்டுவிட்டார்கள். சாச்சா பார்க்காத ஒன்பதரைக் கிலோமீட்டர். இருபுறமும் கடல், மணல் ஏறிய தார், வண்டியை இழுக்கும் காற்று. முனையிலுள்ள வட்டத்தருகே எஞ்சினை அணைத்தேன். தலைமன்னார் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் அளவுதான். பெட்டியின் நீட்டுக் கம்பியை மகன் இழுத்துவிட்டான். முள்ளை அவன் நகர்த்த நகர்த்த இலங்கைப் பண்பலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சிங்களம், தமிழ், சிங்களம், விளம்பரம், தமிழ். ஒரு தமிழ் நிலையத்தில் வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வடமேல் மாகாணத்தில் மழை பெய்யக்கூடும் என்றார்கள்.

“புத்தளம் அதுலதானே வாப்பா இருக்கு?” என்றான் மகன். ஆமாம் என்றேன். உடனே செல்பேசியை எடுத்து மாமியின் பேரனை அழைத்தான். இருவருக்கும் ஒரே வயது. நேரில் பார்த்ததில்லை, பேச்சு மட்டும் நிற்பதில்லை. ரேடியோவில் உங்கள் ஊருக்கு மழை என்கிறார்களே என்று இவன் கேட்க, ஒலிபெருக்கியில் அந்தப் பையனின் குரல் வந்தது.

“இங்க நல்ல வெயில். உம்மா மிளகாய் காயப் போட்டிருக்கு. எந்த ரேடியோவுல சொன்னாங்க?”

மாலை ஐந்து மணியாகியிருந்தது. காவலர் விசிலடித்து எல்லா வண்டிகளையும் திருப்பி அனுப்பத் தொடங்கினார். இவன் நிலையத்தின் பெயரைச் சொன்னான். அங்கே அவன் தன் தாயாரிடம் மிளகாயை எடுக்கச் சொல்லிக் கத்துவது எங்களுக்குக் கேட்டது.